ராகுகாலத்துக்கு முதல் இறுக்கின நட்டுகள்

எனக்குக் கோவம் மூக்கு நுனியிலை நிக்கிறது ஊரறிஞ்ச விசயம். அரசாங்கக் கச்சேரியிலை காணிப்படம் கீறுற வேலை எனக்கு. கோடு கொஞ்சம் கோணினால் பென்சிலை முறிச்சு யன்னலாலை எறிஞ்சுபோடுவன். அதைவிடப் பெரிய நோய் ஒண்டும் இருந்தது, நேரம் பாக்கிறது. எங்கடை பக்கத்திலை ஒரு வீட்டிலை வாக்கிய பஞ்சாங்கம் தொங்கினால் அடுத்த வீட்டிலை திருக்கணிதம் தொங்கும். ஒண்டு சொல்லுறதை மற்றது ஒத்துக்கொள்ளாது. எங்கடை வீட்டிலை ரெண்டும் தொங்கினது. ரெண்டிலையும் நல்ல நேரம் எண்டு போட்டிருந்தால்தான் நான் படலையைத் திறப்பன். தும்மல் வந்தாலும் ரெண்டு புத்தகத்தையும் பாத்துப்போட்டுத்தான் தும்முவன் எண்டு என்ரை மனிசி பகிடி பண்ணுவா.

பகிடி பண்ணினாலும் நான் ஏன் அப்பிடி ஆனனான் எண்டு அவவுக்குத் தெரியும். எங்களுக்கு ரெண்டு தரம் பிள்ளை தங்கேல்லை. ரெண்டாந்தரம் ஐஞ்சாம் மாசம் முடியேக்கை போனது. அதுக்குப் பிறகு நான் எதையெல்லாம் பிடிக்கலாமோ அதையெல்லாம் பிடிச்சுக்கொண்டன். மூண்டாந்தரம் அவவுக்கு வயித்திலை நிண்டது தொண்ணூற்றோராம் ஆண்டு. வயசு முப்பத்தாறு. யாழ்ப்பாணத்திலை ஒரு டொக்டர் அம்மா கருப்பை வாயிலை தையல் போட்டு, ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமையிலை கொண்டுவந்து காட்டோணும் எண்டு சொன்னா. மற்ற நேரமெல்லாம் படுக்கை. கடைசியா என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னது ஒண்டுதான்.

"குலுக்கம் ஆகாது. அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

குலுக்கமில்லாமல் என்னெண்டு கொண்டுபோறது? யுத்தத்தாலை சாமான்களுக்குத் தடை போட்ட காலம். பெற்றோல், ரோச் பற்றரி, துணி தோய்க்கிற சவுக்காரம் ஒண்டும் ஆனையிறவுக்கு இஞ்சாலை வராது. ஊரே சைக்கிளிலை ஓடினது. பஸ் வந்தால் வந்தது, வராட்டி இல்லை. வந்தாலும் கூரையிலையும் சனம் இருக்கும். எங்களிட்டை இருந்தது ஒரு கார். கார் எண்டு சொல்லவும் கூச்சமா இருக்கும், அது ரெண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மனிசியின்ரை மாமன், பல் வைத்தியர், எண்பத்துநாலிலை கனடாவுக்குப் போகேக்கை எங்கடை மாட்டுக் கொட்டிலிலை விட்டுட்டுப் போனது. கித்தான் கூரை. நிலத்திலை இருந்து ஒரு சாண் உயரம்தான் இருக்கும். கபிரேற்றருக்குள்ளை நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓட்டுறது. பின்னாலை வாற சைக்கிள்காரன் இருமி இருமித் திட்டுவான்.

அதின்ரை பின்பக்கம்தான் பிரச்சினை. ஒவ்வொரு குழிக்கும் "கடக்" எண்டு இரும்பும் இரும்பும் முட்டுற சத்தம் கேக்கும், சீற்றுக்குக் கீழாலை வந்து முதுகெலும்பிலை அடிக்கும். காங்கேசன்துறை ரோட்டிலை குழிக்குக் குறைவில்லை, செல் விழுந்தது பாதி, மழை தோண்டினது பாதி. முதல் தரம் டொக்டரிட்டைப் போயிட்டு வரேக்கை மனிசி ஒரு கையாலை கதவையும் மற்றக் கையாலை வயித்தையும் பிடிச்சுக்கொண்டு வாய் திறக்காமல் வந்தா. வீட்டை வந்து இறக்கினாப் பிறகுதான் அவவின்ரை கீழ்ச் சொண்டிலை பல்லுப் பட்ட அடையாளத்தைக் கண்டன்.

மருதனார்மடச் சந்தையடிக்குப் பின்னாலை ஒரு கராஜ் இருந்தது. வைச்சிருந்தவர் என்னைவிட ஐஞ்சாறு வயசு மூப்பு. கதை குறைஞ்ச மனுசன். நான் அவரை அண்ணை எண்டு கூப்பிடுறது. அவர் என்னைத் தம்பி எண்டாலும் எப்பவும் 'நீங்கள்' போட்டுத்தான் கதைப்பார். காரைக் கொண்டுபோய் நிப்பாட்டினதும் அவர் அலவாங்கை விட்டுப் பின்பக்கத்தைக் கிளப்பிப் பாத்தார். பாத்துப்போட்டு எனக்கும் குனிஞ்சு பாக்கச் சொன்னார். பின் சில்லுகளைத் தாங்குறது ரெண்டு வில்லு, இரும்புப் பட்டை அடுக்கினது. வில்லின்ரை ரெண்டு முனையும் வளையமாச் சுருண்டிருக்கும். அந்த வளையத்துக்குள்ளை ஒரு ரப்பர் புஷ், அதுக்கு நடுவாலை ஒரு இரும்புக் குழாய், குழாய்க்குள்ளாலை போல்ட். எங்கடை காரிலை ரப்பர் இருந்த இடத்திலை கறுப்புத் தூள்தான் இருந்தது. வில்லைக் காரோடை பூட்டுற தகடும் கறள் தின்று ஓட்டை பெருத்துப் போச்சு. கார் வில்லிலை நிக்கேல்லை, வெறும் போல்டிலை தொங்கிக்கொண்டு நிண்டது.

புதுப் புஷ் கொழும்பிலையும் கிடைக்குமோ தெரியாது, எங்களுக்கு எங்கை? அவர் பழைய லொறி ரயர் ஒண்டின்ரை தடிச்ச பக்கத்தை எடுத்து, விளிம்பு தீட்டின பைப்பாலை அடிச்சு அடிச்சு உருளை உருளையா வெட்டினார். தகட்டுக்குக் கனத்த இரும்புத் துண்டு ஒண்டை வாளாலை அறுத்து, கரண்ட் இல்லாதபடியால் கைத் துறப்பணத்தாலை ஓட்டை போட்டார். ஒரு ஓட்டைக்கு அரை நாள் போகும். புஷ்ஷை வளையத்துக்குள்ளை இறுக்கி ஏத்த எண்ணெய் பூசினால் சுகம்தானே எண்டு நான் புத்தி சொன்னன். எண்ணெய் ரப்பரைத் தின்னும் எண்டார். சவுக்காரம் கண்ணிலை காணாத காலத்திலை, வீட்டிலை இருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தண்ணியிலை கரைச்சு அதைப் பூசித்தான் ஏத்தினார். ஆருக்கு எண்டு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வந்த நாளிலை இருந்து மனிசியை விசாரிச்சு "தங்கச்சி எப்பிடி?" எண்டு கேக்காத நாள் இல்லை.

கார்த்திகை மாசத்து வியாழக்கிழமை ஒண்டுதான் வேலை முடியிற நாள். சனிக்கிழமை டொக்டரிட்டைப் போகோணும். இடையிலை வெள்ளிக்கிழமை கரிநாள், ரெண்டு பஞ்சாங்கமும் அதிசயமா ஒத்துச் சொன்ன ஒரே விசயம் அதுதான். வியாழன் ராகுகாலம் ஒண்டரைக்குத் தொடங்கும். அதுக்கு முதல் வேலையை முடிச்சு, தேங்காய் உடைச்சு, காரை வெளியிலை எடுத்துப்போட வேணும் எண்டு நான் விடிய எட்டு மணியிலை இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு மணிக்குக் கார் பின்பக்கம் தூக்கி மரக்குத்தியளிலை நிண்டது. சில்லு ரெண்டும் அந்தரத்திலை தொங்கினது. நட்டுகள் எல்லாம் பூட்டியாச்சு, இறுக்கேல்லை. அப்பதான் அவர் எழும்பிக் கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்.

"தம்பி, கடைசி இறுக்கு இப்பிடித் தூக்கி வைச்சுக்கொண்டு இறுக்கக் கூடாது. காரை இறக்கி, அது சில்லிலை நிண்டு, ஆக்கள் ஏறி இருக்கேக்கைதான் இறுக்கோணும். இல்லாட்டி ரப்பர் முறுகின படியே நிண்டு கிழிஞ்சுபோடும்."

இறக்கி வைச்சால் அந்தப் பதிஞ்ச காருக்குக் கீழை பூனையும் நுழையாது. நிலத்திலை குழியா வெட்டின கிடங்குக்கு மேலை நிப்பாட்டி, கீழை இறங்கி நிண்டுதான் இறுக்க வேணும். கராஜ் கிடங்கிலை முழங்காலுக்கு மேலை மழைத் தண்ணி. இறைக்கப் பின்னேரமாகும், நாளைக்கு விடியச் செய்வம் எண்டார். நாளைக்குக் கரிநாள் எண்டன். அப்ப சனிக்கிழமை விடிய வெள்ளன எண்டார். சனிக்கிழமை ஒம்பதுக்கே ராகுகாலம், பிள்ளைக்காகச் செய்யிற வேலையை நல்ல நேரத்திலை தொடங்கி அதுக்குள்ளை முடிக்கவோ எண்டு நான் சத்தம் போட்டன். நட்டு எண்டால் நட்டுத்தானே, மேலை நிண்டு இறுக்கினால் என்ன, கீழை நிண்டு இறுக்கினால் என்ன, உங்களுக்கு வேலையை இழுத்தடிக்கிற பழக்கம் எண்டும் சொன்னன். இழுத்தடிக்கிறது! அரை நாள் துறப்பணம் சுத்தின மனுசனைப் பாத்து.

அவர் என்னைப் பாத்தார். என்ரை கையிலை இருந்த மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு காருக்குக் கீழை படுத்து, தொங்குற சில்லோடையே நாலு நட்டையும் இறுக்கினார். ஒண்டு இருபதுக்கு முடிஞ்சுது. சில்லுக்குத் தேசிக்காய் வைச்சு நசிச்சு, தேங்காய் உடைச்சு, ஒண்டரைக்கு ரெண்டு நிமிசம் கிடக்கக் காரை ரோட்டுக்கு எடுத்துட்டன். பெரிய சாதனை செய்த சந்தோசப் புழுகம் எனக்கு.

அந்தச் சனிக்கிழமை கார் பூப்போலை போனது. கொக்குவில் தாண்டியும் மனிசி சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வந்தா. ரெண்டு கிழமையாலை போகேக்கை பின்னாலை கிறீச் எண்டு ஒரு சின்னச் சத்தம். மழை ஈரம் எண்டு நினைச்சன். அதுக்கடுத்த தரம், மார்கழிக் கடைசி, டொக்டரிட்டைக் காட்டித் திரும்பி வாறம். கொண்டாவில் கிட்ட ஒரு குழி. பெரிய குழியும் இல்லை. "கடக்" எண்டது முந்தினதைவிடப் பலத்துக் கேட்டுது, காரின்ரை பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டிலை இழுத்துக்கொண்டு போனது. மனிசி ரெண்டு கையாலையும் வயித்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் ஏற்கனவே ரெண்டு தரம் கண்டிருக்கிறன்.

அப்பிடியே காரைத் திருப்பி, நடக்கிற வேகத்திலை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன். இரத்தம் கண்டிருந்தது. வாட்டிலை கட்டிலின்ரை கால்மாட்டுக்குக் கல்லு வைச்சு உயர்த்திக் கிடத்தினார்கள். தையல் நிக்குது, பிள்ளையின்ரை துடிப்புக் கேக்குது, ஆனால் நாலைஞ்சு நாள் போனால்தான் சொல்லலாம் எண்டார்கள். ஐஞ்சாம் மாசம் முடியிற கிழமை. நான் வாட்டு வாசலிலை நிண்டு கும்பிடாத தெய்வமில்லை.

அடுத்த நாள் விடியக் கராஜுக்குப் போனன். சந்தைக்கு வந்த சனம் நிறைய நிண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவா சொன்னவை? நான் அவரை அண்டைக்கு அண்ணை எண்டு கூப்பிடேல்லை. "டேய்" எண்டன். "மனிசர் உயிரோடை விளையாடுறியோ, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கோ" எண்டு கத்தினன். இன்னும் எழுதக் கூடாததெல்லாம் சொன்னன். வெங்காயம் நிறுத்துக்கொண்டு நிண்டவன் தராசைப் பிடிச்சபடி எங்களையே பாத்துக்கொண்டு நிண்டான். அவர் கையிலை இருந்த ஸ்பனரை மேசையிலை வைச்சார்.

"தங்கச்சி எப்பிடி இருக்கிறா?" எண்டு மட்டும் கேட்டார்.

 அவர் என்னோடை ஆஸ்பத்திரி வாசலுக்குச் சைக்கிளிலை வந்து, அங்கை நிண்ட காரைத் தானே மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். பின்னேரம் நான் போகேக்கை வில்லு கழட்டிக் கிடந்தது. நாலு புஷ்ஷையும் ஒரு சாக்கிலை வரிசையா வைச்சிருந்தார். நான் கோடு கீறிப் பிழைக்கிறவன், எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாலும் ஒரே மாதிரி, ஒரே பக்கமா முறுகி, ஒரே சரிவிலை கிழிஞ்சு கிடந்தது. ரப்பர் பழுதெண்டால் நாலும் நாலு விதமாய்ப் போயிருக்கும். தொங்கவிட்டு இறுக்கினதாலை, கார் இறங்கினவுடனை நாலும் ஒண்டாய் முறுகி, ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுகி, கிழிஞ்சிருக்கு. அவர் அண்டைக்குச் சொன்ன சொல் அப்பிடியே அந்தச் சாக்கிலை கிடந்தது.

அவர் என்னைக் குத்திக் காட்டி ஒரு வார்த்தை சொல்லேல்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும், திருப்பிச் சண்டை பிடிச்சிருப்பன்.  பிழை என்ரை எண்டு சொல்ல நாலு சொல் போதும். வரேல்லை. ஆஸ்பத்திரியிலை மனிசி கேக்கேக்கை ரப்பர் சரியில்லையாம் எண்டு சொல்லிப்போட்டன். இதை எழுதவே எனக்கு வெக்கமாய்க் கிடக்கு.

அவர் திரும்பவும் ரயர் வெட்டினார், திரும்பவும் சவுக்காரம் கரைச்சார். கிடங்குத் தண்ணியை வாளியாலை தனிய இறைச்சார். நானும் ஒரு வாளியை எடுத்தன், அவர் வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, வாங்கோ எண்டும் சொல்லேல்லை. எல்லாம் பூட்டிக் காரைக் கிடங்குக்கு மேலை சில்லிலை நிப்பாட்டினாப் பிறகு, மனிசி எத்தினை கிலோ எண்டு கேட்டார். கிளினிக் அட்டையிலை ஐம்பத்தொண்டு எண்டு இருந்தது. சந்தைக்குப் போய் ஐம்பத்தொரு கிலோ வெங்காயம் ஒரு சாக்கிலை நிறுத்து இரவல் வாங்கிவந்து அவவின்ரை சீற்றிலை வைச்சார். என்னை மற்றச் சீற்றிலை ஏறி இருக்கச் சொன்னார். காரின்ரை ராங்கியிலை மண்ணெண்ணெய் அரைவாசி. அவர் கீழை இறங்கினார்.

வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. ராகுகாலம் பத்தரைக்கே தொடங்கியிட்டுது. எனக்குத் தெரிஞ்சுது, பேசாமல் இருந்தன். ஒரு பக்கம் வெங்காயச் சாக்கு, மற்றப் பக்கம் நான். கீழை அந்த மனுசன் சேத்துக்குள்ளை நிண்டு தலையை நிமித்தி நட்டு இறுக்கிற சத்தம் என்ரை காலுக்குக் கீழை கேட்டுது. இந்தத் தகரத்துக்குக் கீழைதானே நிக்கிறார், முகம் பாக்கத் தேவையில்லை, இப்ப சொல்லிப்போடு எண்டு மனசு அடிச்சுக்கொண்டது. நாலு நட்டுக்கும் அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலமும் நான் ஸ்டேறிங்கைப் பிடிச்சுக்கொண்டு கல்லுப் போலை இருந்தன்.

எட்டாம் நாள் மனிசியை வீட்டை கூட்டிவந்தன். அதுக்குப் பிறகு எத்தினை சனிக்கிழமை போய் வந்தம், ஒரு சத்தம் கேக்கேல்லை. சித்திரை மாசம் மகள் பிறந்தாள். இரண்டரைக் கிலோ. ஆஸ்பத்திரி விறாந்தையிலை நிண்டு நான் குழறி அழுதன், பக்கத்திலை நிண்ட ஆரோ துக்கம் விசாரிக்க வந்துட்டினம்.

பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குச் சொல்லத்தான் திரும்பக் கராஜுக்குப் போனன். நாலு மாசமா அந்தப் பக்கம் போகேல்லை. பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரிட்டைக் கேட்டன். விடியவே சந்நிதி முருகன் கோயிலுக்கு நடந்து போயிட்டார், நேர்த்தியாம் எண்டார். என்ன நேர்த்தி எண்டு சும்மா கேட்டன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார்.

"உங்கடை பிள்ளைக்குத்தானே" எண்டார்.

அச்சுவேலியாலை தொண்டைமானாறு மட்டும் சைக்கிளை எப்பிடி உழக்கினன் எண்டு தெரியாது. கோயிலுக்கு வெளியிலை, மடத்து நிழலிலை, சோறு வாங்கி வைச்சுக்கொண்டு இருந்தார். தலை மொட்டை, சந்தனம் பூசியிருந்தது. காலிரண்டிலையும் கொப்புளம். முதலிலை எனக்கு ஆளை அடையாளம் தெரியேல்லை. பக்கத்திலை குந்தினன். இனியும் சொல்லாட்டி நான் மனிசனில்லை எண்டு பட்டுது.

"அண்ணை, ரப்பரிலை பிழையில்லை. உங்களிலையும் பிழையில்லை. நான்தான் அண்டைக்கு ராகுகாலம் ராகுகாலம் எண்டு அந்தரப்படுத்தினனான்."

"ஓம் தம்பி, நீங்கள்தான் அந்தரப்படுத்தினீங்கள்" எண்டார். மழுப்பேல்லை. சோத்தைக் கொஞ்சம் தள்ளி வைச்சார். "ஆனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் இறுக்கினது என்ரை கைதானே."

நான் அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டன். முழுப் பிழையையும் என்ரை தலையிலை போட்டுக்கொள்ள வந்தனான், மனுசன் தன்ரை பங்கை விட்டுத்தரமாட்டன் எண்டு நிண்டார். பிறகு அவர் ஒரு கதை சொன்னார். சனிக்கிழமையிலை எங்கடை கார் யாழ்ப்பாணப் பக்கம் போற சத்தம் கேட்டால் தான் செய்யிற வேலையை வைச்சுட்டு ரோட்டு வாசலிலை வந்து நிக்கிறதாம். போகேக்கை பின்பக்கம் சத்தம் போடுதோ எண்டு காது குடுத்துக் கேக்கிறதாம். மத்தியானம் திரும்பிப் போற சத்தம் கேக்கும் மட்டும் தன்னாலை ஒரு நட்டிலையும் கை வைக்க ஏலாதாம். நாலு மாசமும், நாங்கள் போன ஒரு சனிக்கிழமையும் விடாமல்.

அந்தச் சனிக்கிழமையள் எல்லாம், கராஜ் கிட்ட வரேக்கை, நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் காரை ஓட்டிக்கொண்டு போனனான்.